கேனொபி சட்டம் ஒரு மூலையில் தூக்கி நிற்கிறது: வளைக்கலாமா, அடை கொடுக்கலாமா?

சித்தூர்க்காரன் (கொழிஞ்சாம்பாறை):

எல்லோருக்கும் வணக்கம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் அலுமினியக் கிட் விமானம் (பாகங்களை வாங்கி நாமே கட்டுவது) என்னுடையது. உடல் முடிந்து ஸ்டாண்டில் நிற்கிறது. இப்போது கேனொபிக்கு, அதாவது ஓட்டுநரின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடிக்கு, வந்திருக்கிறேன். ஸ்லைடர் வகை, அதாவது பின்னால் தள்ளித் திறப்பது. கிட்டோடு வந்த சட்டம் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாயை வெல்டிங் செய்து பவுடர் கோட்டிங் கொடுத்தது. முன்னால் ஒரு வளைவு, பின்னால் ஒரு வளைவு, இரண்டு பக்கக் குழாய்கள், நடுவே ஒரு தண்டு.

சட்டத்தை உடலின் மேல் வைத்தால் மூன்று மூலை உட்காருகிறது. இடது பின் மூலை மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று) தூக்கி நிற்கிறது. முன் வளைவு ரோல் பாரைவிட (கவிழ்ந்தால் தலையைக் காக்க உடலில் பொருத்திய வளைவு) பக்கத்துக்கு ஒரு நூல் அகலம். கண்ணாடி (அக்ரிலிக் குமிழ்) இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

கண்ணாடியை ஏற்றி ரிவெட் அடித்தால் எல்லாம் தானே படிந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். தூக்கும் மூலையில் தகடு அடை கொடு என்கிறார் இன்னொருவர். எனக்கு வளைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் குழாய்ச் சுவர் ஒரு மி.மீ. கூட இல்லை, மடங்கிவிட்டால் என்ன செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வாளையார் மாமா:

தம்பி, ரிவெட் அடித்தால் படியும் என்கிறாரே, அவரைக் கேனொபி முடியும்வரை கொட்டகைப் பக்கம் விடாதீர்கள்.

அக்ரிலிக்கை இழுத்து உட்கார வைத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடுவீர்கள். இழுவை உள்ளேயே தங்கியிருக்கும். என்றைக்கோ ஒரு மார்கழி விடியற்காலையில், யாரும் தொடாமலே, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குக் கீறல் ஓடும். விமானப்படையில் தகட்டு வேலை பார்த்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: சட்டம் உடலின் மேல் கை வைக்காமல் உட்கார வேண்டும், கண்ணாடி சட்டத்தின் மேல் கை வைக்காமல் உட்கார வேண்டும். அதற்கப்புறம்தான் ரிவெட் துப்பாக்கியைக் கையில் எடுக்கலாம்.

அடை கொடுப்பதும் வேண்டாம். அடை கொடுத்தால் மூலை நிற்கும், ஆனால் உருளைகள் தடத்தில் கோணலாக ஓடும். முறுக்கு அப்படியே கண்ணாடிக்குப் போகும்.

வளைக்கும் முன் ஒரு கேள்வி. முறுகியிருப்பது சட்டம்தான் என்று எப்படித் தெரியும்? உடல் முறுகியிருந்தாலும் இதே மாதிரி மூன்று மூலை உட்கார்ந்து ஒன்று தூக்கும். மேலே திறந்து கிடக்கும் உடலுக்கு முறுக்குப் பலம் குறைவு, ஸ்டாண்டு கோணலாக இருந்தால் போதும். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிக் கேனொபித் தடத்தின் நான்கு கோடிகளையும் அளந்து பாருங்கள். ரசமட்டம் இந்த நீளத்துக்கு நம்பத் தகாது. அப்புறம் சட்டத்தை மட்டும் தட்டையான ஒரு கிரானைட் பலகை மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு அளவும் வந்த பிறகு பேசலாம்.

வேலந்தாவளம் ஆர்கன்:

மாமா சொன்னது சரி. வெல்டிங் செய்த சட்டம் எதுவும் ஜிக்கிலிருந்து (வெல்டிங் செய்யும்போது குழாய்களைப் பிடித்து வைக்கும் அமைப்பு) கழற்றியதும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். எந்த நிறுவனம் செய்தாலும் குழாயின் குணம் அது. எனவே வளைக்கத் தயங்க வேண்டாம், ஆனால் சில விஷயங்கள் உண்டு.

சூடு காட்டி வளைக்காதீர்கள். டார்ச் வைத்தால் பவுடர் கோட்டிங் கருகும், வெல்டிங் பக்கத்தில் உலோகத்தின் குணம் மாறும். பச்சையாகவே வளையுங்கள். வெல்டிங் இருக்கும் இடத்திலும் அதை ஒட்டியும் வளைக்காதீர்கள், நடுக்குழாயில் வளையுங்கள். இரும்புக் குறடு, வைஸ் வாய் எதுவும் நேரடியாகக் குழாயில் படக்கூடாது. வேலமரக் கட்டையில் குழாய் அளவுக்கு அரைவட்டப் பள்ளம் செதுக்கி அதற்குள் வைத்து அமுக்குங்கள். மெல்லிய சுவர்க் குழாய் ஒரே புள்ளியில் அமுங்கினால்தான் மடங்கும். அழுத்தம் ஒரு சாண் நீளத்துக்குப் பரவினால் மடங்காது.

குரோமோலிக்கு ஸ்பிரிங் குணம் உண்டு. ஒரு நூல் வேண்டுமானால் மூன்று நூல் தள்ள வேண்டியிருக்கும், விட்டதும் திரும்பி வரும். கொஞ்சம் தள்ளு, அளந்து பார், மறுபடி தள்ளு. பொறுமைதான் கருவி.

வரிசையும் முக்கியம். முதலில் முறுக்கு, அடுத்தது அகலம், கடைசியில் உயரம். அகலத்தை முதலில் சரி செய்துவிட்டு முறுக்கை எடுத்தால் அகலம் மறுபடி போய்விடும்.

தேவிகுளத்தான்:

வேலமரம் இல்லாதவர்களுக்கு ரப்பர் மரம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுங்கள் அண்ணா. எங்கள் ஊரில் அதுதான் சுலபமாகக் கிடைக்கும், பள்ளத்தின் விளிம்பு முதல் அமுக்கலிலேயே நசுங்கிவிடுகிறது.

சித்தூர்க்காரன்:

அளந்தாயிற்று. டியூப் லெவல் கொண்டுவந்த மேஸ்திரிக்கு விமானத்தைச் சுற்றிக் காட்ட வேண்டியிருந்ததால் அரை நாள் போனது, அது தனிக் கதை.

மூன்று நூலில் ஒரு நூல் உடலுடையது. தென்னந்தோப்பு மண்ணில் போட்ட தரை என்பதால் ஸ்டாண்டின் ஒரு கால் நிற்கும் இடம் இறங்கியிருக்கிறது. அங்கே கட்டை கொடுத்ததும் நான்கு கோடியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. மீதி இரண்டு நூல் சட்டத்தின் முறுக்கு. கிரானைட் பலகையிலும் அதே இரண்டு நூல்தான் தெரிகிறது.

முன் வளைவைக் கிரானைட் மேசையோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு, பின் வளைவின் மூலையில் நீண்ட கட்டையை நெம்புகோலாக வைத்து எடுக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

வேலந்தாவளம் ஆர்கன்:

சரிதான். கிளாம்புக்கு அடியில் தோல் துண்டு வையுங்கள். அகலத்துக்கு வரும்போது ரோல் பாரின் உருவத்தைப் பிளைவுட்டில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் சட்டத்தைத் தூக்கி உடலில் வைத்துப் பார்ப்பதைவிட, பிளைவுட் அச்சைக் காட்டிப் பார்ப்பது சுலபம்.

முன் வளைவும் ரோல் பாரும் ஒரே மட்டமாக இருக்கின்றனவா என்பதற்கு நேரான அலுமினியப் பட்டை ஒன்றை இரண்டின் மேலும் குறுக்கே வைத்து, மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பாருங்கள். எங்கேயாவது பட்டை ஆடினால் அங்கே கண்ணாடியும் படி விழுந்து தெரியும்.

அப்புறம், எங்கேயாவது வெல்டிங்கைப் புதிதாகத் தொட வேண்டி வந்தால் கொட்டகைக் கதவை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெல்டிங்கை மூடிக் காக்கும் ஆர்கன் வாயுவைத் தள்ளிவிட்டுப் போய்விடும். வெல்டிங் மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். தை மாதத்தில் எங்கள் பட்டறையில் கிழக்குப் பக்க ஷட்டரைத் திறப்பதே இல்லை.

புதுசு:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எதற்கு அக்ரிலிக்? பாலிகார்பனேட் சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்கிறார்களே. அதைப் போட்டால் இவ்வளவு பயம் தேவையில்லையே? இன்னொன்று, இதெல்லாம் செய்து முடித்தால் இந்தியாவில் பறக்க விடுவார்களா?

மீனாட்சிபுரம் அக்கா:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். நான் விமானம் கட்டுபவள் இல்லை, என் தம்பி கட்டுகிறான். எனக்குப் பெயர்ப்பலகைத் தொழில். இரண்டு பொருளையும் தினமும் வெட்டுகிறேன்.

பாலிகார்பனேட் அடிக்குத் தாங்கும், உண்மை. ஆனால் நகம் பட்டாலே கோடு விழும், அக்ரிலிக் மாதிரி தேய்த்துப் பளபளப்பாக்கவும் முடியாது. பெட்ரோல், தின்னர் பட்டால் வெளுத்துப் பொரிந்துபோகும். எரிபொருள் டேங்க் பக்கத்தில் இருக்கும் பொருளுக்கு அது நல்லதில்லை. தட்டையான கதவு உள்ள மெதுவான விமானங்களில் அதைப் போடுகிறார்கள், கழற்றி மாற்றுவதும் சுலபம். குமிழ் வடிவக் கேனொபி என்றால் அக்ரிலிக்தான் பெரும்பாலும். வெயிலில் மஞ்சளாவதும் குறைவு.

வாளையார் மாமா:

இரண்டாவது கேள்விக்கு: டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி இல்லாமல் தரையை விட்டு ஓர் அடி எழும்பக் கூடாது. கட்டத் தொடங்கும் முன்பே அவர்களிடம் பேசி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, தேதி போட்டுப் பதிவு வைத்துக்கொள்ள வேண்டும். மும்பையில் அமோல் யாதவ் மாடியில் கட்டிய விமானம் 2016-ல் கண்காட்சிக்கு வந்து, 2017-ல்தான் பதிவு கிடைத்தது. பல வருடம் அலைந்தார் மனிதர்.

இந்தப் பக்கத்தில் இடுக்கிக்காரர் சஜி தாமஸ், காது கேளாதவர், வாய் பேசாதவர், தன் கையாலேயே ஓர் அல்ட்ராலைட் (மிக இலகுவான சிறு விமானம்) கட்டினார். ஆலப்புழைக்காரர் அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் ஸ்லிங் டிஎஸ்ஐ கிட்டைக் கட்டிக் குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றியது 2022-ல் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதில் நம் தம்பியின் தலைவலி இல்லை. டிஎஸ்ஐக்கு ஸ்லைடர் கிடையாது, மேலே தூக்கித் திறக்கும் கதவுகள்.

சட்டத்துக்குத் திரும்புவோம்.

சித்தூர்க்காரன்:

முறுக்கு போய்விட்டது. அகலமும் சரி. பின் வளைவில் மட்டும் அரை நூல் பாக்கி, அதை விட்டுவிடலாம் என்று ஆர்கன் அண்ணன் நேரில் வந்து பார்த்துச் சொன்னார். வளைத்த இடங்களில் பவுடர் கோட்டிங் மயிரிழையாக வெடித்திருக்கிறது, உப்புத்தாள் போட்டு எபாக்சி பிரைமர் அடிக்கப் போகிறேன். விட்டுவைத்தால் அடியில் துரு ஓடும்.

அடுத்தது கண்ணாடி. ஒரே குமிழாக வந்திருக்கிறது. அதை ரோல் பார் இருக்கும் இடத்தில் குறுக்கே வெட்டி முன்துண்டை விண்ட்ஷீல்டாகவும் பின்துண்டைக் கேனொபியாகவும் வைக்க வேண்டும். அக்கா, உங்களைத்தான் கேட்கிறேன்.

மீனாட்சிபுரம் அக்கா:

ஜிக்சாவைப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். அதன் பல் மேலும் கீழும் அடிக்கும், அக்ரிலிக் அந்த அடிக்குத்தான் உடையும். சின்ன கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் போட்டு, வெட்டுவதாக இல்லாமல் அரைப்பதாக நினைத்துக்கொண்டு போங்கள். ஒரே போக்கில் ஆழமாகப் போகாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும்.

உடைவது எப்போதும் கடைசி ஓர் அங்குலத்தில். வெட்டுப்பட்ட துண்டு தன் எடையில் தொங்கி, மீதியைக் கிழித்துவிடும். அதனால் வெட்டு நீண்டுபோகப் போக, பின்னால் டேப் போட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே போங்கள். இரண்டு துண்டுக்கும் அடியில் மெத்தை இருக்கட்டும். ஒரு ஆள் தாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

அச்சில் உருவான குமிழைச் சுற்றி ஒரு தட்டை விளிம்பு இருக்குமே, அதை முதலில் வெட்டுங்கள். வீணாகப் போனாலும் நட்டமில்லாத இடம், கை பழகும். அப்புறம் சட்டத்தின் மேல் வைத்து, நடுக்கோடு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குமிழ் நடுத்தண்டு முழுக்கத் தொடுகிறது என்று தெரிந்த பிறகுதான் குறுக்கு வெட்டு.

வெட்டிய ஓரத்தில் தெரியும் ஒவ்வொரு கோடும் நாளைய கீறல். 120 உப்புத்தாள், 220, 400 என்று போய், விரலால் தடவினால் வழுவழு என்று இருக்க வேண்டும். ஓரத்தை நெருப்புக் காட்டிப் பளபளப்பாக்கும் வேலையெல்லாம் எங்கள் கடைப் பலகைக்கு, விமானத்துக்கு வேண்டாம். அந்தச் சூடு ஓரத்தில் இறுக்கத்தைப் பூட்டிவிடும்.

மூடி வந்த பாதுகாப்பு ஃபிலிமை மாதக்கணக்கில் தகரக் கொட்டகைச் சூட்டில் விடாதீர்கள், பசை ஊறிப் பிடித்துக்கொண்டு பின்னால் உரிக்கவே வராது.

தேவிகுளத்தான்:

அக்கா சொன்னதோடு குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த அக்ரிலிக் வெட்டும்போதே தெறிக்கும். 25 டிகிரிக்குக் கீழே தொடாதே என்பார்கள். உங்கள் ஊரில் அது சிரிப்பாக இருக்கும். இங்கே டிசம்பர், ஜனவரியில் காலையில் புல்லின் மேல் உறைபனி. நாங்கள் எஸ்டேட் லயத்தில் ஓர் அறையை அடைத்து, ஹீட்டர் போட்டு, கண்ணாடியையும் உள்ளே வைத்து, மறுநாள்தான் வெட்டினோம்.

நகரி ராஜா:

அண்ணா, நான் ஆந்திரா எல்லையில் நகரி. என்னுடையது டிப்-அப், முன்னால் கீல் வைத்துத் தூக்குவது. நான் ரிவெட்டே அடிக்கவில்லை, முழுக்க ஒட்டு. சிகாஃப்ளெக்ஸ் 295 யுவி. படகுக் கண்ணாடிகளுக்கு என்று வந்தது.

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அக்ரிலிக் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.07 மி.மீ. விரியும். ஸ்டீல் 0.012. உங்கள் கேனொபி நீளம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 20 டிகிரியில் துளை போட்டு, வெயிலில் நிறுத்தி 60 டிகிரிக்கு ஏறினால், நடுவிலிருந்து ஒவ்வொரு கோடிக்கும் கிட்டத்தட்ட 1.4 மி.மீ. இழுபறி. 3.2 மி.மீ. ரிவெட்டுக்குக் கண்ணாடியில் 4 மி.மீ. துளை போடச் சொல்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு 0.4 மி.மீ. தான் இடைவெளி. போதுமா நீங்களே சொல்லுங்கள்.

ஒட்டு 3 மி.மீ. தடிமன் இருந்தால் ரப்பராக இழுபட்டு அதை வாங்கிக்கொள்ளும். துளையே இல்லை என்றால் கீறல் எங்கிருந்து தொடங்கும்?

வாளையார் மாமா:

ராஜா தம்பியின் கணக்கு சரி, ஆனால் 20 டிகிரியில் துளை போடு என்று யார் சொன்னது?

கீழ்வரம்பையும் பாருங்கள். ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும். விடியலில் 20 டிகிரியில் கிளம்பி 8,000 அடி போனால் மேலே 4 டிகிரி. மேல்வரம்பு 60. நடு எங்கே? 32. கொழிஞ்சாம்பாறையில் மாசி மாதம் காலை பத்து மணிக்கு நிழலில் அநேகமாக அந்தச் சூடுதான். அந்த நேரத்தில் துளை போட்டால் இரண்டு பக்கமும் 28 டிகிரி, கோடியில் சுமார் 1 மி.மீ. இழுபறி.

அப்போதும் 0.4 போதாது, ஒப்புக்கொள்கிறேன். நடுவிலிருந்து கால் மீட்டர் வரைதான் முழுச் சுதந்திரம். மீதியை யார் தாங்குகிறார்கள் என்றால் குமிழின் வளைவு கொஞ்சம் உப்பித் தாங்கும், மெல்லிய சட்டமும் கொஞ்சம் நெளியும். தட்டைத் தகடாக இருந்தால் இந்தத் தயவு கிடைக்காது. நான் பார்த்த கீறல்கள் கோடித் துளைகளில்தான் அதிகம் என்பதும் உண்மை. அதனால் கோடியில் துளையை இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்கி அகல வாஷர் போடலாமா என்று கிட் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிலைப் பதிவேட்டில் ஒட்டுங்கள். வரைபடத்தை மீறி நம் இஷ்டத்துக்குச் செய்ய வேண்டாம்.

ஒட்டு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் பழமை இல்லை. ரிவெட் தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒட்டு உள்ளே விட்டிருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

நகரி ராஜா:

ஓரத்தில் விரல் வைத்து அமுக்கினால் தெரியும் மாமா, ஆனால் நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஒட்டில் உயிரே முன்தயாரிப்புதான். பவுடர் கோட்டிங்கைச் சொரசொரப்பாக்கி, அதற்கென்று உள்ள பிரைமர் பூசி, அது காய வேண்டிய நேரம் காயவிட்டு, மூன்று மி.மீ. ரப்பர் துண்டுகளை இடைவெளிக்கு வைத்து, அப்புறம்தான் டியூபைத் திறக்க வேண்டும். ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் அந்த இடம் பிடிக்காது. டியூபின் காலாவதித் தேதி பார்க்க வேண்டும். ஒட்டுக்கு மேலே கண்ணாடியில் கறுப்புப் பட்டை அடித்து வெயிலை மறைக்க வேண்டும்.

இது காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக் காயும் வகை. நகரி வெயிலில் மெதுவாகக் காய்ந்தது. உங்கள் பக்கம் ஆடிச் சாரலில் சீக்கிரமே தோல் கட்டிவிடும், கை வேகமாக இருக்க வேண்டும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றால் பியானோ கம்பியால் ஒட்டை அறுத்து எடுக்க வேண்டும். அது ஒரு நரகம்.

புதுசு:

இரண்டையும் செய்தால்? ஒட்டும் போட்டு, பாதுகாப்புக்கு நாலு ரிவெட்டும்?

நகரி ராஜா:

வேண்டவே வேண்டாம். ஒட்டு நகர்ந்து கொடுக்கப் பார்க்கும், அந்த நாலு ரிவெட் நகராதே என்று பிடிக்கும். மொத்தச் சுமையும் அந்த நாலு துளைக்குப் போகும். இதில் மாமாவும் நானும் ஒரே கட்சி.

வாளையார் மாமா:

ஒரே கட்சிதான்.

மீனாட்சிபுரம் அக்கா:

ரிவெட்டோ ஒட்டோ, ஒரு விஷயம். துளையிடும் பிட்டைக் கடையில் வாங்கியபடியே போடாதீர்கள். சாதாரண பிட் 118 டிகிரி முனை, உலோகத்தைக் கடித்து இழுக்கும். அக்ரிலிக்கில் வெளியே வரும் நொடியில் கடித்து, துளையைச் சுற்றிப் பிளந்துவிடும். முனையை 60 டிகிரிக்குக் கூர்மையாகத் தீட்டி, வெட்டும் விளிம்பைக் கொஞ்சம் மழுக்கி, சுரண்டுகிற மாதிரி செய்ய வேண்டும். பிளாஸ்டிக்குக்கென்றே தீட்டிய பிட்டும் கிடைக்கிறது. பின்னால் மரக்கட்டை வைத்து, மெதுவாக.

துடைக்க சோப்புத் தண்ணீர் மட்டும். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனர், தின்னர், அசிட்டோன் கூடவே கூடாது. நட்டு கழறாமல் இருக்கப் போடுகிறார்களே, அந்த லாக்டைட் மாதிரி திரவம், அது அக்ரிலிக்கில் சொட்டினால் வலைவலையாக வெடிக்கும். கேனொபிப் பக்கம் நைலான் வளையம் வைத்த நட்டு போதும்.

தேவிகுளத்தான்:

இன்னொன்று, யாரும் சொல்லவில்லையே என்று சொல்கிறேன். குமிழ் கண்ணாடி பூதக்கண்ணாடி வேலை செய்யும். கேனொபியைத் திறந்து வெயிலில் விட்டால் ஒளி ஒரு புள்ளியில் குவிந்து இருக்கைத் துணியைச் சுட்டுவிடும். கிளைடர் ஓட்டுபவர்கள் இதற்குப் பயந்து தரையில் எப்போதும் மூடி, மேலே வெள்ளைத் துணி போட்டு வைப்பார்கள்.

வேலந்தாவளம் ஆர்கன்:

துணி போட்டால் இறுக்கிக் கட்டுங்கள். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருக்கிறார்கள் என்றால் சும்மாவா? படபடக்கும் துணிக்கு அடியில் மணல் புகுந்தால் ஒரே வாரத்தில் கண்ணாடி மங்கிவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தி டிப்-அப்பைத் திறந்தாலும் கீல் போய்விடும். நம் பக்கத்துக்கு ஸ்லைடர்தான் தோது என்பது என் கட்சி. ஓடுபாதைக்கு உருட்டிப் போகும்போது அரையாகத் திறந்து வைத்துக்கொண்டால் புழுக்கமும் இருக்காது.

வாளையார் மாமா:

அதோடு பூட்டையும் கவனியுங்கள். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது கேனொபி திறந்துகொண்டால், விமானம் பெரும்பாலும் பறந்துகொண்டுதான் இருக்கும். சத்தத்திலும் காற்றிலும் பதறி ஓட்டுநர் கேனொபியைப் பிடிக்கப் போவதுதான் ஆபத்து. பூட்டு விழுந்ததும் அணையும் ஒரு சிவப்பு விளக்கைப் பேனலில் வையுங்கள், ஒரு மைக்ரோ சுவிட்ச் போதும். உள்ளே கை எட்டும் இடத்தில் ஒரு சின்ன சுத்தியலும் இருக்கட்டும். தலைகீழாகக் கவிழ்ந்தால் ஸ்லைடர் பின்னால் நகராது, உடைத்துத்தான் வெளியே வர வேண்டும்.

சித்தூர்க்காரன்:

எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கிட் நிறுவனத்துக்கு எழுதினேன். கோடியில் இருக்கும் துளைகளை 4.8 வரை பெரிதாக்கலாம், அடியில் மெல்லிய ரப்பர் வாஷர் வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. பதிவேட்டில் ஒட்டிவிட்டேன். ரிவெட்தான் அடிக்கப் போகிறேன். ராஜா அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், கண்ணாடி மாற்ற வேண்டிய நாள் வந்தால் எனக்குப் பியானோ கம்பி இழுக்கத் தெம்பில்லை.

குறுக்கு வெட்டு முடிந்தது. கண்ணாடி சட்டத்தின் மேல் கை வைக்காமல் உட்காருகிறது. ஒரு சந்தேகம் மட்டும். நான் தீட்டிய பிட் சரியாகத் தீட்டப்பட்டிருக்கிறதா என்று கண்ணாடியைத் தொடாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

மீனாட்சிபுரம் அக்கா:

விளிம்பை வெட்டிப் போட்டீர்களே, அந்தத் துண்டில் பழைய பிட்டால் ஒரு துளை, தீட்டிய பிட்டால் ஒரு துளை போடுங்கள். இரண்டிலும் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் கழித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சூட்டால் இறுகிய துளையைச் சுற்றி மெல்லிய கீறல்கள் கிளம்பும். நல்ல துளையில் ஒன்றும் வராது. நாங்கள் லேசரில் வெட்டிய ஓரத்தை இப்படித்தான் சோதிக்கிறோம். துண்டில் மட்டும்தான் ஸ்பிரிட், மறந்துபோய் கேனொபியில் விட்டுவிடாதீர்கள்.

சித்தூர்க்காரன்:

செய்து பார்த்தேன் அக்கா. பழைய பிட் போட்ட துளையைச் சுற்றி நாலு பக்கமும் கோடுகள். தீட்டிய பிட்டில் இரண்டு துளை சுத்தம், மூன்றாவதில் லேசாக ஒன்று வந்தது. அது நான் வேகம் கூட்டிய துளை.

சனிக்கிழமை காலை தொடங்குகிறேன். நடுத்தண்டின் உச்சியில் முதல் துளை, அங்கிருந்து முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, அப்புறம் பக்கங்களுக்கு இறங்குவது. தெர்மாமீட்டர் சட்டத்தில் கட்டியிருக்கிறேன்.

வாளையார் மாமா:

கண்ணாடியை வெள்ளி இரவே சட்டத்தின் மேல் ஏற்றி வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வர நேரம் வேண்டும். துளைக்குத் துளை கிளீக்கோ (ரிவெட் அடிக்கும்வரை தற்காலிகமாகப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொண்டே போங்கள், இறுக்காதீர்கள். ஒன்பதரைக்கு நான் அங்கே இருப்பேன். தகரக் கொட்டகையில் பன்னிரண்டு மணிக்கு மேல் 32 நிற்காது, அதற்குள் தண்டு முடிந்தால் போதும். பக்கங்களை ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.